நாடாவில் இல்லாத பெயர்

இந்த ஆண்டும் நாங்கள் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பிப்ரவரி 25, ஜீன் ஆர்மரின் பிறந்தநாள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் உள்ள டம்ஃப்ரீஸ் நகரில், புனித மைக்கேல் தேவாலயத்துக்கு எதிரே, சாலையோரத்தில் அவருடைய சிலை நிற்கிறது. அன்று காலை தூறல். சரியாக ஒரு மாதத்துக்கு முன்பு, ஜனவரி 25 இரவில், அவருடைய கணவர், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸுக்குப் பிறந்தநாள் விருந்து வைத்தோம். மண்டபத்தில் இடம் இல்லாமல் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மனைவியின் பிறந்தநாளுக்கு வந்தவர்களை எண்ண இரண்டு கை விரல்களே போதுமாக இருந்தன.

மலர்வளையத்தைச் சிலையின் காலடியில் நான்தான் வைத்தேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றோம். நிமிர்ந்தபோது எங்கள் பர்ன்ஸ் கழகத்தின் மூத்த உறுப்பினரான ஓர் அம்மா, எண்பதைத் தாண்டியவர், முன்னால் வந்து சிரமப்பட்டுக் குனிந்தார். வளையத்தில் கட்டியிருந்த நாடாவின் முடிச்சை ஈர விரல்களால் மெல்ல அவிழ்த்தார். அதை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினார். அவர் மடிக்கும்போதுதான் நான் படித்தேன். பொன்னெழுத்தில் இருந்த பெயர் ராபர்ட் பர்ன்ஸ். ஜனவரியில் கவிஞரின் சமாதிக்குச் செய்த வளையத்தில் மீந்த நாடா அது.

கடையில் யாரோ கைதவறிக் கட்டிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைக் கடையிலிருந்து வாங்கி வந்தவன் நான். காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் எங்கள் பொருளாளர். சிலையடியில் வைப்பதற்குள் அது நாலைந்து பேர் கைமாறியது. எங்களில் ஒருவர் கண்ணிலும் அது தவறாகப் படவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது எங்கே இருந்தாலும் சரியாகவே தெரிகிறது.

திரும்பி நடக்கையில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இது இன்றைக்குச் செய்த தப்பு இல்லை தம்பி. நான் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஜீனுக்கு இந்த நாடாவைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம். இன்றைக்குத்தான் எழுத்தில் தெரிந்தது" என்றார்.

அதன் பிறகு பல நாள் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. 'நான்' என்று எழுதினால் இது என் ஒருவனின் கவனக்குறைவாகிவிடும். இது எங்கள் எல்லோருடையதும். ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராபர்ட் பர்ன்ஸ் ஸ்காட்லாந்தின் மக்கள் கவி. 1759-ல் அயர்ஷயரின் அலோவே கிராமத்தில், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பத்தில் பிறந்து, 1796-ல் 37 வயதில் டம்ஃப்ரீஸில் இறந்தவர். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் உலகெங்கும் கைகோத்துப் பாடப்படும் 'ஆல்ட் லாங் சைன்' அவர் வழியாக வந்த பாட்டு. அவர் மறைந்த ஐந்தாவது ஆண்டில், 1801-ல், அவர் பிறந்த குடிசையிலேயே ஒன்பது பேர் கூடி முதல் நினைவு விருந்தை நடத்தினார்கள். அதே ஆண்டு கிரீனக் துறைமுக நகரில் முதல் பர்ன்ஸ் கழகம் தோன்றியது. 1885-ல் கழகங்களெல்லாம் சேர்ந்து கில்மார்னக்கில் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கின. இரண்டு நூற்றாண்டுகளாக ஒரு கவிஞரின் பிறந்தநாளை ஊர் ஊராகச் சாப்பிட்டும் பாடியும் கொண்டாடுகிற இந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட என்னை, உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கழகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் இதை வெளியே நின்று குறை சொல்பவனாக எழுதவில்லை.

விருந்தின் முக்கியமான பேச்சுக்கு 'அழியா நினைவு' என்று பெயர். ஒருமுறை அதை நானே பேசினேன், முக்கால் மணி நேரம். அந்தத் தாள்களை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஜீன் ஆர்மருக்கு நான் கொடுத்திருப்பது ஒரே ஒரு வாக்கியம்: பொறுமையே உருவான மனைவி. எழுதியபோது அதைப் பெரிய பாராட்டு என்றே நினைத்தேன். எங்கள் குற்றம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

அந்தப் பொறுமை எவ்வளவு கேட்டது என்று பார்த்தால்தான் அந்தச் சொல் எதை மறைக்கிறது என்று புரியும். ஜீன் 1765-ல் அயர்ஷயரின் மாக்லின் என்ற சிற்றூரில், கொத்தனார் ஜேம்ஸ் ஆர்மரின் மகளாகப் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவர்களில் ஒருவர். புல்வெளியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பர்ன்ஸின் நாய் துணிமேல் ஓட, அதிலிருந்து பேச்சு தொடங்கியது என்பது ஊர்க்கதை. 1786-ல் அவர் கருவுற்றார். பர்ன்ஸ் அவரை மனைவியாக ஏற்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றைய ஸ்காட்லாந்துச் சட்டப்படி அப்படிப்பட்ட எழுத்தே திருமணத்துக்குச் சான்றாகும். செய்தி கேட்ட தந்தை மயங்கி விழுந்தார். கையில் காசில்லாத உழவனுக்குப் பெண் கொடுக்க மனமில்லாமல், வக்கீலிடம் கொடுத்து அந்தச் சீட்டிலிருந்த பெயர்களை வெட்டி எடுக்கச் செய்தார். ஜீனைப் பெய்ஸ்லியில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கட்டத்தை எங்கள் மேடைகளில் எப்படிச் சொல்வோம் தெரியுமா? மனமுடைந்த கவிஞர், ஜமைக்காவுக்குக் கப்பலேற நினைத்த கவிஞர், ஜூலை 31 அன்று கில்மார்னக்கில் வெளியாகிப் பேர் வாங்கிக் கொடுத்த முதல் புத்தகம், அச்சான 612 பிரதிகள், எடின்பரோவின் வரவேற்பு என்று கதை அவரோடு குதிரையேறிப் போய்விடும். செப்டம்பர் 3 அன்று மாக்லினில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்த இருபத்தொரு வயதுப் பெண், கதைக்குப் பின்னால் ஊரிலேயே நின்றுவிடுவார். அந்த இரட்டையரில் பெண் குழந்தைக்கு அம்மாவின் பெயர்தான், ஜீன். ஓராண்டு சொச்சத்தில் அது இறந்துபோனது. எங்கள் உரைகளில் அந்தக் குழந்தை பெரும்பாலும் வருவதே இல்லை.

1788-ன் தொடக்கத்தில் அவர் மறுபடியும் கருவுற்றிருந்தார். இந்த முறை பெற்றோர் வீட்டைவிட்டே வெளியேற்றினார்கள். பர்ன்ஸ் மாக்லினில் அவருக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தார். அதைச் சொல்லும்போது எங்கள் பேச்சாளர்களின் குரல் கனிந்துவிடும். அதே வேளையில் அவர் எடின்பரோவிலிருந்த ஆக்னஸ் மெக்லஹோஸ் என்ற பெண்ணுக்கு ஜீனைத் தாழ்த்தி எழுதினார். அந்த மார்ச்சில் ராபர்ட் எயின்ஸ்லி என்ற நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். நிறைமாதமாக இருந்த ஜீனிடம் தான் நடந்துகொண்ட விதத்தை அதில் பெருமையடித்துக்கொள்கிறார். தன் மேல் மனைவி என்ற உரிமை கோரக் கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கியதையும் சொல்கிறார். அதை இங்கே நான் எடுத்துக் காட்டப்போவதில்லை. அது அச்சில் இருக்கிறது, எங்கள் கழக அலமாரியிலேயே இருக்கிறது. அப்போது பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகள் சில வாரங்களுக்குள் இறந்தன. அதன் பிறகு, அதே ஆண்டில், பர்ன்ஸ் ஜீனை மனைவியாக ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் எங்களில் பலர். படித்துவிட்டு, பாடத்துக்கு வெளியே உள்ள பக்கம்போலப் புரட்டிவிட்டோம். 2018-ல் கவிஞர் லிஸ் லாக்ஹெட் அதைப் பொதுமேடையில் எடுத்துப் பேசி, நம் காலத்துச் செல்வாக்கு மனிதர்களின் அத்துமீறலோடு ஒப்பிட்டபோது எங்களுக்குக் கோபம் வந்தது. அந்த நாளின் வழக்கம் வேறு, ஆண்கள் கடிதத்தில் மிகைப்படுத்துவார்கள் என்று சமாதானம் சொன்னோம். எல்லாச் சமாதானமும் தீர்ந்த பிறகு கடைசி ஆயுதமாக ஒன்றை எடுத்தோம்: ஜீனே மன்னித்துவிட்டார், நாம் யார் கேட்க? ஒரு பெண்ணின் பொறுமையை அவளைக் காயப்படுத்தியவருக்கு நற்சான்றிதழாக எழுதிக் கொடுத்தோம். அந்தச் சான்றிதழைத்தான் ஆண்டுதோறும் ஜீனைக் கௌரவிப்பதாகச் சொல்லி வாசிக்கிறோம்.

யாருக்குச் சிலை வைத்தோம், எப்போது வைத்தோம் என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். ஜீன் பெய்ஸ்லிக்கு அனுப்பப்பட்ட 1786-ல் பர்ன்ஸ் மேரி கேம்பல் என்ற பெண்ணை விரும்பினார். அந்த உறவு சில மாதங்களே நீடித்தது. இலையுதிர்காலத்தில் மேரி கிரீனக்கில் இறந்துவிட்டார். 'ஹைலேண்ட் மேரி' என்று அவர் பெயர் பாட்டில் நின்றது. 1842-ல் அவர் கல்லறைமேல் நினைவுச்சின்னம் எழுந்தது. 1896-ல் டனூன் கடற்கரைக் குன்றில் முழு உருவச் சிலை நின்றது. ஜீனுக்கு அவர் பிறந்த மாக்லினில் 2002-லும், வாழ்ந்து இறந்த டம்ஃப்ரீஸில் 2004-லும்தான் சிலை. டம்ஃப்ரீஸின் பெரிய வீதியில் பர்ன்ஸ் 1882-லேயே வந்து உட்கார்ந்துவிட்டார், காலடியில் நாயோடு. அந்த நாய் பளிங்கில் அமர்ந்து 122 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அதே ஊரில் மனைவிக்கு இடம் கிடைத்தது.

ஏன் இப்படி என்று நேர்மையாகக் கேட்டால் பதில் கசக்கிறது. இளமையில் இறந்த காதலி எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. அவளைப் பற்றி யார் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம். மனைவியோ அடுப்பு, தொட்டில், கடன், காய்ச்சல் எல்லாவற்றோடும் வருகிறார். அவரைப் பேசத் தொடங்கினால் கவிஞரின் கணக்கும் கூடவே வந்துவிடும். அதனால் எளிய காதலியை மேடையேற்றினோம்.

எங்கள் விருந்தில் 'பெண்களுக்கு வாழ்த்து' என்று ஓர் உரை உண்டு. ஹாகிஸ் என்ற இறைச்சி உணவை வேகவைத்து, மேசை நிரப்பிய பெண்களுக்கு நன்றி சொல்லத் தொடங்கிய வழக்கம் அது என்பார்கள். இன்று அதில் நன்றி எவ்வளவு மிச்சமிருக்கிறது? ஆண்கள் எழுந்து மனைவிமாரைக் கேலி செய்ய, மண்டபம் மேசையைத் தட்டும் உரையாக அது மாறி வெகுகாலமாகிவிட்டது. அந்தக் கேலிக்குள் ஜீன் தவறாமல் வருவார். கணவரின் லீலைகளைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த நல்ல மனுஷியாக வருவார். பல கழகங்களில் வெகுகாலம் பெண்களுக்குப் பந்தியில் உட்காரவே இடமில்லை. உணவு பரிமாறிவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுதான் தங்களுக்கான வாழ்த்தைக் கேட்டிருக்கிறார்கள். தங்களுக்கென்று தனிக் கழகம் தொடங்கித்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். ஜீனின் பெயரில் பிப்ரவரியில் விருந்து வைக்கும் பழக்கத்தை வளர்த்ததில் பெரும்பங்கு பெண்கள் கழகங்களுக்கு உண்டு. ஆண்களாகிய நாங்கள் அங்கே விருந்தாளிகளாகப் போய், கைதட்டிவிட்டு, மறுநாள் பழைய வழிக்கே திரும்பினோம்.

அந்த உரைகளில் எப்போதும் சிரிப்பு வாங்கித் தருகிற ஒரு நிகழ்வு உண்டு. டம்ஃப்ரீஸின் குளோப் விடுதியில் வேலை பார்த்த ஆன் பார்க் என்ற பெண்ணுக்கும் பர்ன்ஸுக்கும் 1791 மார்ச் 31 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. சரியாக ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று, ஜீனுக்கு வில்லியம் நிகோல் பிறந்தான். அந்தப் பெண் குழந்தை எலிசபெத்தையும் ஜீனே தன் பிள்ளைகளோடு வளர்த்தார். எங்கள் ராபிக்கு இரண்டு பெண்டாட்டிகள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது. அதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம்.

அண்மையில் குடும்பப் பட்டியலை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஜீன் பெற்றது ஒன்பது. அதில் பெண்கள் நான்கு பேர்: பதினான்கு மாதத்தில் இறந்த ஜீன், பெயர் நிலைக்குமுன் போன இரட்டையர், 1795-ல் மூன்று வயதுகூட நிறையாமல் இறந்த எலிசபெத் ரிடெல். நால்வரில் ஒருத்தியும் தங்கவில்லை. அவர் மடியில் வளர்ந்து, பெரியவளாகி, மணமுடித்துப் போனதைப் பார்க்கக் கொடுத்துவைத்த ஒரே மகள், ஆன் பார்க்கின் குழந்தைதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. அந்தத் தாய்க்கும் மகளுக்கும் நடுவே என்ன இருந்தது என்று இத்தனை ஆண்டுகளில் எங்கள் மேடையில் ஒருவரும் கேட்டதில்லை. வேடிக்கைக்காக மட்டும் அந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டினோம்.

இன்னொரு மறதி, கவிதைச் சங்கம் என்ற வகையில் எங்களுக்கு மன்னிப்பே இல்லாதது. ஜீன் பாடுவார். அவருக்கு நல்ல குரல் இருந்தது, நாட்டுப் பாடல்கள் நிறையத் தெரியும். திருமணமான ஆண்டில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில் பர்ன்ஸே அந்தக் குரலை, பழக்கப்படாத காட்டுப் பறவையின் குரல் என்ற பொருள்பட, வாயாரப் புகழ்கிறார். அதே காலத்தில்தான் அவர் எடின்பரோவில் பாடல் தொகுப்புகள் வெளியிட்ட ஜேம்ஸ் ஜான்சனுக்காகவும் பின்னர் ஜார்ஜ் தாம்சனுக்காகவும் பழைய மெட்டுகளைத் தேடித் தேடிச் சொல் கட்டினார். மெட்டு மனத்தில் படியாமல் தன்னால் பாட்டு எழுத முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டிலோ மெட்டுகள் தெரிந்த ஒரு குரல், தொட்டிலை ஆட்டிக்கொண்டும் பால் கறந்துகொண்டும் நாள் முழுதும் அருகிலேயே இருந்தது. எழுதிய பாட்டை ஜீனைப் பாடச் சொல்லிக் கேட்டு, நாக்கில் உரசும் சொல்லை மாற்றுவார் என்று நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன.

அந்தப் பாட்டுகளில் ஜீனின் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதையே நாங்கள் வளரவிடவில்லை. 1788-ல், எல்லிஸ்லாண்ட் பண்ணையில் வீடு கட்டிக்கொண்டு தனியே இருந்த பர்ன்ஸ், மாக்லினில் இருந்த மனைவியை நினைத்து மேற்குத் திசையை நேசிக்கிற ஒரு பாட்டை எழுதினார். எங்கள் விருந்தில் ஆண்டுதோறும் அதைப் பாடுவோம். பாடியதும் 'ஜீன் அவருக்குப் பாட்டைக் கொடுத்தார்' என்போம். அழகும் அன்பும் கொடுத்தார் என்ற பொருளில்தான் அதைச் சொல்வோம். மெட்டு கொடுத்திருக்கலாம், திருத்தம் கொடுத்திருக்கலாம் என்ற பொருள் எங்களுக்குத் தோன்றியதில்லை. கவிஞரின் மனைவி பாட்டுக்குப் பொருளாக இருக்கலாம், வேலையில் பங்காளியாக இருக்க முடியாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

பர்ன்ஸ் எழுதியவற்றில் கடைசியாக நமக்குக் கிடைத்த கடிதம் 1796 ஜூலை 18 தேதியிட்டது. அது காதலி எவருக்கும் எழுதியதன்று. பத்தாண்டுகளுக்கு முன்பு தன் பெயரை வெட்டி எறியச் செய்த மாமனார் ஜேம்ஸ் ஆர்மருக்கு எழுதியது. ஜீனுக்குப் பிரசவ நேரம், துணைக்கு ஆளில்லை, மாமியாரை உடனே அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சுகிறார். மூன்றாம் நாள் இறந்துபோனார். ஜூலை 25 அன்று படைமரியாதையோடு ஊரே திரண்டு அவரை அடக்கம் செய்தது. அதே நாளில் அந்த வீட்டில் மகன் மேக்ஸ்வெல் பிறந்தான். ஜீனால் கணவரின் இறுதி ஊர்வலத்தைப் பார்க்க முடியவில்லை. எங்கள் விருந்து இரவுகளில் கதை வழக்கமாக இந்த இடத்தில் முடியும். விளக்கு மங்கும், பேக்பைப் ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்போம்.

ஜீனுக்கு அப்போது வயது 31. கவிஞரோடு மனைவியாக வாழ்ந்தது எட்டு ஆண்டுகள். கவிஞர் இல்லாமல் வாழ்ந்தது ஏறக்குறைய 38 ஆண்டுகள். டம்ஃப்ரீஸில் அதே வீட்டில், இன்று பர்ன்ஸ் தெரு என்று பெயர் மாறிவிட்ட அந்தச் சந்தில், 1834 மார்ச் 26 வரை இருந்தார். லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி 1800-ல் பதிப்பித்த தொகுப்பு நூல்களின் வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. பின்னாளில் பான்மூரின் வில்லியம் மால் ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார். இந்தியாவில் கம்பெனிப் படையில் சேர்ந்திருந்த மகன் ஜேம்ஸ் சம்பளத்தில் உயர்ந்து தாய்க்குப் பணம் அனுப்பத் தொடங்கியதும், இனி வேண்டாம் என்று அந்தத் தொகையை ஜீன் விட்டுவிட்டார். எங்கள் உரைகள் எதிலும் இந்த ஒரு செயல் இடம்பெற்றதாக எனக்கு நினைவில்லை. பொறுமைசாலி என்ற சட்டத்துக்குள் அடங்காத செயல் என்பதால் இருக்கலாம்.

மகன்களின் கதையில் எனக்கும் ஒரு நூல் இழை ஓடுகிறது. 1791-ல் பிறந்த அந்த வில்லியம் நிகோல், மதராஸ் காலாட்படையில் சேர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். என் பாட்டன்மார் வாழ்ந்த மாகாணத்தின் படை அது. வங்காளப் படையில் இருந்த ஜேம்ஸின் மனைவி இந்தியாவில் குழந்தை பெற்று இறந்தபோது, அந்தப் பேத்தி சாரா கடல் கடந்து டம்ஃப்ரீஸில் பாட்டியிடம் வந்து சேர்ந்தாள். அறுபதை நெருங்கும் வயதில் ஜீன் மறுபடியும் ஒரு குழந்தைக்குத் தலைவாரிவிட்டார். தன் பிள்ளை, பிறர் பிள்ளை, பிள்ளையின் பிள்ளை என்று அவர் கை ஓயவே இல்லை. 1844-ல் மகன்கள் இந்தியாவிலிருந்து திரும்பி வந்ததைக் கொண்டாட அயரில் பெரிய விழா எடுத்தார்கள். அவர்களை வளர்த்தவர் இறந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த 1834 மார்ச்சை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் கூசுகிறது. ஜீனை அடக்கம் செய்வதற்காகப் புனித மைக்கேல் தேவாலய முற்றத்தில் பர்ன்ஸின் சமாதி மண்டபம் திறக்கப்பட்டது. வாய்ப்பு கிடைத்ததே என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் உள்ளே இறங்கினார்கள். கவிஞரின் மண்டையோட்டை வெளியே எடுத்து, கழுவி, சாந்தில் அச்சு எடுத்தார்கள். மண்டையின் மேடுபள்ளத்தை வைத்து அறிவை அளக்கும் கபாலக்கலை அப்போது மோகமாயிருந்த காலம். அடுத்த மாதம் ஜீனின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போயின. மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள், ஏனென்றால் அவை கவிஞர் தொட்ட பொருள்கள். அவற்றைக் கவிஞர் மறைந்த பிறகு ஏறக்குறைய 38 ஆண்டுகள் துடைத்து வைத்திருந்த கை யாருடையது என்று எவர் நினைத்திருப்பார்?

அவர்கள் செய்ததைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு நாடா நினைவுக்கு வந்தது. ஜீனின் அடக்கத்துக்கு வந்து கணவரின் மண்டையை எடுத்தவர்களுக்கும், ஜீனின் பிறந்தநாளுக்கு வந்து கணவரின் பெயரைக் கட்டிய எங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது?

அந்தச் சமாதி மண்டபத்துக்குள் இன்றும் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. ஏரைப் பிடித்து நிற்கிறார் பர்ன்ஸ். மேலே கவிதைத் தேவி தன் போர்வையை அவர்மேல் விரிக்கிறாள். ஜீன் கிடப்பது அந்தச் சிற்பத்தின் அடியில்தான். தன் சொந்தச் சமாதியிலும் பளிங்கில் செதுக்கப்பட்ட பெண் வேறொருத்தி.

எங்கள் முன்னோர் நல்லதே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. மாக்லினில் ஜீன் பெயரில் முதியோருக்கு வீடுகள் கட்டிக் கொடுத்ததும் கழகத்தார்தான். அவரைக் கௌரவிக்க அதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. தனியாய் வயதான ஒரு பெண்ணின் பெயரில், தனியாய் வயதாகும் மனிதர்களுக்கு ஒரு கூரை. இரண்டு சிலைகளும் தாமதமானாலும் எழுந்தன. ஆனால் சிலை வைத்ததோடு கடன் தீர்ந்தது என்று நினைத்துவிட்டோம். ஆண்டுக்கு ஒருநாள் காலையில் அரை மணி நேரம் போய் நின்றுவிட்டு வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

போன மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் எழுந்து சொன்னேன். பெரிய அமைதி. சிலருக்கு வருத்தம், கவிஞரைக் கூண்டில் ஏற்றுகிறேனோ என்று. எனக்கும் பர்ன்ஸ் உயிர்தான். ஒரு சுண்டெலியின் வளையை ஏர் உடைத்ததற்காக வருந்திப் பாடிய அந்த மனிதரிடமிருந்துதான் இப்படிக் கேட்கவே கற்றுக்கொண்டேன். அவரை நேசிப்பதற்காக அவர் மனைவியைச் சிறிதாக்க வேண்டியதில்லை.

சில முடிவுகள் எடுத்தோம். அடுத்த ஜனவரியில் 'அழியா நினைவு' உரை 1796-ல் முடியாது, 1834 வரை போகும். எயின்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தை ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து முழுதாகப் படித்துப் பேசுவோம். அந்த நான்கு பெண் குழந்தைகளையும், ஆன் பார்க்கின் மகள் எலிசபெத்தையும் பெயர் சொல்லி நினைப்போம், பெயரில்லாத இரட்டையரையும் சேர்த்து. மேற்குத் திசைப் பாட்டை ஒரு பெண் பாடுவார். பாடுவதற்கு முன், இந்த வீட்டில் இரண்டு பேருக்கு மெட்டு தெரியும் என்று ஒரு வரி சொல்வார்.

மலர்வளைய நாடாவில் என்ன எழுதுவது என்பதில்தான் நெடுநேரம் போனது. கவிஞரின் அன்பு மனைவி என்றார் ஒருவர். பர்ன்ஸின் ஜீன் என்றார் இன்னொருவர். மூத்த அம்மா கடைசிவரை பேசாமல் இருந்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து அந்தப் பழைய நாடாவை எடுத்து மேசைமேல் விரித்து, பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார். வெறும் வெள்ளை. பேனாவை வாங்கி, நடுங்கும் கையால் இரண்டு சொல் எழுதினார். இந்த நாட்டில் மணமான பெண்ணைக் கல்லறையில்கூடப் பிறந்த வீட்டுப் பெயரால் எழுதுவது பழைய வழக்கம்.

ஜீன் ஆர்மர்.

அதற்குமேல் எதையும் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த பிப்ரவரி 25 அன்று அதைக் கட்டுகிற வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரமே போய்விடுவேன்.